பிள்ளையோடு பிக் ஹவுஸ்: எந்த ஆட்டம், எந்த வரிசை, எப்போது கிளம்புவது

ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேடியம், மிச்சிகன் பல்கலைக்கழக அணி அமெரிக்க ஃபுட்பால் ஆடும் மைதானம், அமெரிக்காவிலேயே பெரியது. 1,07,601 பேர் உட்காரலாம். ஊர்க்காரர்களுக்கு அது ‘பிக் ஹவுஸ்’. கேன்டன், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கத்து நம்மவர் வீடுகளில் பிள்ளை மூன்றாம் வகுப்பைத் தொட்டதும் பேச்சு ஆரம்பித்துவிடும்: வெள்ளிக்கிழமை பள்ளிக்கு எல்லாரும் மஞ்சள் சட்டை போட்டு வருகிறார்கள், நாம் எப்போது போகிறோம்? தாராளமாகப் போகலாம். ஆனால் ஆட்டத்தையும் வரிசையையும் பார்த்து எடுக்காவிட்டால், கொடுத்த காசுக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். ஆட்டம் கொஞ்சம் தெரிந்த, 8 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 5-க்கு 4½. 5 முதல் 7 வயதுக்கு 3, அதுவும் செப்டம்பர் பகல் ஆட்டமாக இருந்தால். அதற்கும் சின்னது என்றால் 1 கொடுக்கவே யோசனையாக இருக்கிறது. சத்தம், கூட்டம், மூன்றரை மணி நேரம், முதுகுக்குச் சாய்வில்லாத அலுமினிய பெஞ்சு. இவ்வளவையும் நாலு வயதுக் குழந்தை தாங்காது, பெற்றவர்களும் தாங்கமாட்டார்கள்.

எந்த ஆட்டம்

முதல் முறை போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ‘போவதுதான் போகிறோம், பெரிய ஆட்டமாகவே போவோம்’ என்று பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் தேடுவது. அந்தப் பகை 1897-இல் ஆரம்பித்தது. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆன் ஆர்பரில், இரட்டைப்படை ஆண்டுகளில் அவர்கள் ஊரான கொலம்பஸில் நடக்கும்; தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, நவம்பர் கடைசி. குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், பனி பெய்தாலும் பெய்யும். டிக்கெட் விலை சாதாரண ஆட்டத்தைப் போலப் பல மடங்கு. அன்றைக்குக் கூட்டத்தில் பாதிப் பேர் முதல் நிமிடத்திலிருந்து நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் கோட்டுகள் மட்டும். 2023 நவம்பரில் மிச்சிகன் 30-24 என்று ஜெயித்த மாதிரி ஆட்டத்தை வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்து பார்ப்பதே மேல்.

வாங்க வேண்டியது செப்டம்பர் முதல் மூன்று வாரங்களில் சின்னக் கல்லூரி அணிகள் வந்து ஆடும் ஆட்டம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, இந்த ஆட்டங்களின் நேரம் கோடையிலேயே தெரிந்துவிடும். அக்டோபர், நவம்பர் ஆட்டங்கள் பலவற்றுக்கு, டிவிக்காரர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்புதான் நண்பகலா, மூன்றரையா, இரவு ஏழரையா என்று முடிவு செய்வார்கள். ஆகஸ்டில் டிக்கெட் வாங்கி, கடைசியில் அது இரவு ஆட்டமாகிவிட்டால், முடிந்து காருக்கு வரும்போது மணி பதினொன்றைத் தாண்டும். இரண்டு, மறுவிற்பனையில் விலை விழும். ஆட்டம் தொடங்க ஓரிரு நாள் இருக்கும்போது, டிக்கெட்டில் அச்சான விலைக்கும் கீழே இறங்குவது இந்த ஆட்டங்களில்தான். பிள்ளைக்கு அரை டிக்கெட் கிடையாது, முழு விலைதான். அதனால் இந்தச் சரிவு இரண்டு டிக்கெட்டிலும் மிச்சம். மூன்று, மிச்சிகன் நிறையப் புள்ளி எடுக்கும். பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோகும் ‘டச்டவுன்’ விழ விழ, பல்கலைக்கழக வாத்தியக் குழுவான பேண்டு வாசிக்கும், எல்லாரும் முஷ்டியை ஆட்டிப் பாடுவார்கள். முதல் ஆட்டத்தில் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

சின்ன அணியிடம் மிச்சிகன் தோற்காது என்று மட்டும் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2007 செப்டம்பர் 1 அன்று நாட்டில் 5-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன், இதே மைதானத்தில் ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. கடைசி விநாடிகளில் ஜெயிப்பதற்காக உதைத்த பந்தை எதிரணி தடுத்துவிட்டது. இந்தக் கதையைப் போகும் வழியிலேயே சொல்லிவைத்துவிட்டால், ஒருவேளை தோற்றாலும் அழுகை கொஞ்சம் குறையும்.

எந்த வரிசை

இந்த ஸ்டேடியத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1927-இல் திறந்தபோதே இதை நிலத்துக்குள் தோண்டித்தான் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரம் தெரியாது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் வரும் நடைபாதை மேல்வரிசைகளுக்குப் பக்கம். அங்கிருந்து இருக்கைக்கு இறங்கித்தான் போகவேண்டும். கழிப்பறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்த மேல் நடைபாதையில்தான். ஆகவே வரிசை எண் குறையக் குறைய, ‘அம்மா, பாத்ரூம்’ என்றதும் ஏற வேண்டிய படிகள் கூடும். 12-ஆம் வரிசையிலிருந்து அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து மேலே ஏறுவது உடற்பயிற்சிக் கணக்கில் வரும்.

கீழ்வரிசை டிக்கெட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. இந்தக் கிண்ணத்தின் சரிவு ரொம்பச் சாதுவானது. முதல் பத்துப் பதினைந்து வரிசைகளில் உட்கார்ந்தால், கோட்டோரம் வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மைதானத்தின் பாதியை மறைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கிறோமே என்று காசைக் கொட்டி வாங்குகிறவர்கள் ஆட்டத்தைக் கடைசியில் திரையில்தான் பார்க்கிறார்கள். 40-லிருந்து 65 வரை உள்ள வரிசைகள் பிள்ளைக்குச் சரி. அங்கிருந்து பார்த்தால் தடுப்பாட்டக்காரர்கள் எப்படி நிற்கிறார்கள், யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பது படம் போட்டது மாதிரி தெரியும். ஆண்டுக்கணக்கில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் வயதானவர்கள் மேலே அதிகம். அவர்கள் நிற்பதைவிட உட்காருவதை விரும்புகிறவர்கள்.

பக்கத்தைப் பொறுத்தவரை மேற்குப் பக்கம் மேல். மைதானம் வடக்கு-தெற்காகக் கிடக்கிறது. ஆட்டக்காரர்கள் வெளியே வரும் ஒரே சுரங்கவழி கிழக்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேரே. 22, 23 எண் பகுதிகளும் அவற்றை ஒட்டியவையும் மேற்கு நடுக்கோடு. அங்கே உட்கார்ந்தால் சுரங்கவழி எதிரே தெரியும். மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், பிறகு மேற்குக் கட்டிடத்தின் நிழலும் இறங்கும். கிழக்கில் உட்கார்ந்தவர்கள் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். நவம்பரில் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம்: நிழல் விழுந்த மேற்கைவிட, கண் கூசினாலும் வெயில் விழும் கிழக்கில் பிள்ளை நடுங்காமல் இருக்கும்.

நடுக்கோட்டு இருக்கை விலை கட்டுப்படியாகாவிட்டால் மூலைப் பகுதிகளை எடுங்கள், கோல் முனைக்கு நேர் பின்னால் வேண்டாம். அங்கிருந்து பந்து 2 கெஜம் போனதா 8 கெஜம் போனதா என்று சொல்லமுடியாது. தூரம் தெரியாவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதி சுவை போய்விடும். மாணவர்கள் வடக்கு முனையைச் சேர்ந்து உட்காருவார்கள். உட்காருவார்கள் என்பது பேச்சுக்குத்தான். ஆட்டத்தின் நாலு கால்பகுதியும், அதாவது நாலு குவார்ட்டரும், பெஞ்சின் மேல் ஏறி நிற்பார்கள், வாய்க்கு வந்ததைக் கத்துவார்கள். அதற்குப் பக்கத்துப் பகுதி டிக்கெட் மலிவாக இருந்தால், அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை என்பது பெஞ்சில் பெயின்டால் எழுதிய ஓர் எண், அவ்வளவுதான். கோடைச் சட்டையில் நெருக்கமாக இருக்கும் இடம், நவம்பரில் எல்லாரும் தடிமன் கோட்டு போட்டு வந்ததும் போதாமல் போய்விடும். நடைவழி ஓரத்து இருக்கை கிடைத்தால் பிள்ளையை ஓரத்தில் உட்காரவையுங்கள். முன்னால் எழுந்து நின்றாலும் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க இடமிருக்கும். போகிறவர் வருகிறவர் இடித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அதற்கான விலை.

பிள்ளைக்கு ஒரு வேட்டையும் உண்டு. இருக்கை எண்ணிக்கை 1-இல் முடிவதைக் கவனித்தீர்களா? பழைய பயிற்சியாளரும் விளையாட்டுத் துறைத் தலைவருமான ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் நினைவாக ஓர் இருக்கை அதிகம். அது எது என்பது ரகசியம். 1938-இல் மிச்சிகன் ஹெல்மெட்டில் இறக்கை வரைய ஏற்பாடு செய்தவரும் அவர்தான். ‘நம்ம சீட்டுதான் அது’ என்று பிள்ளை நாலு குவார்ட்டரும் வாதாடும். மறுக்க யாராலும் முடியாது.

முன்கூட்டியே உள்ளே இருக்க வேண்டிய காரணம்

ஆட்டம் 12 மணிக்கு என்றால் 11:15-க்கு இருக்கையில் இருக்கவேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃபுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருகிறவர்கள் இங்கே நடப்பதில் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். பேண்டு சுரங்கவழியிலிருந்து ஓடி வந்து, மைதானத்தில் பெரிய ‘எம்’ எழுத்தாக அணிவகுக்கும். முன்னால் போகும் டிரம் மேஜர் தலைகீழாகப் பின்னால் வளைந்து, தொப்பியின் இறகைத் தரையில் தொடுவார். அந்த ஒரு நொடிக்கு ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து நடுக்கோட்டில் ஒரு நீல நிறப் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அணி முழுவதும் ஓடி வந்து, எகிறி அதைத் தொட்டுவிட்டுப் போகும். 1962-இலிருந்து இது நடக்கிறது. தொடாமல் போகும் ஆட்டக்காரர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இன்னும் சீக்கிரம் வர முடிந்தால், பேண்டு தங்கள் பயிற்சிக்கூடமான ரெவெல்லி ஹாலிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்து வருவதைத் தெருவோரம் நின்று பார்க்கலாம். டிக்கெட் வேண்டாம். டூபாக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் போவார். சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் ஆட்டத்தைவிட இதுதான் மனதில் நிற்கும்.

இடைவேளை 20 நிமிடம். அதிலும் பேண்டு ஆடும். எல்லாரும் கழிப்பறைக்கு ஓடும் நேரம் அது, நீங்கள் ஓடாதீர்கள். வரிசையில் நின்றே இடைவேளை கழிந்துவிடும், பேண்டும் போய்விடும். இரண்டாம் குவார்ட்டரின் நடுவில் டிவி விளம்பர இடைவெளி விடும்போது கிளம்புங்கள். மைதான ஓரம் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றால் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். அவர் திரும்பிப் போனதும் ஆட்டம் தொடரும்.

பிள்ளை வர்ணனையாளர், பெற்றோர் மாணவர்

ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபுட்பால் முதலில் ‘ஓடுகிறான், விழுகிறான், நிறுத்துகிறார்கள்’ என்றுதான் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இதை வெட்கமாக நினைக்காமல் வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உற்சாகத்தில் பிள்ளை மூன்றரை மணி நேரமும் சலிக்காமல் இருக்கும். ஆனால் நல்ல கேள்வி கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். அதற்கு இவ்வளவு போதும்:

ஓவருக்கு ஆறு பந்து மாதிரி, இங்கே நாலு முயற்சி. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு கிடைக்கும். மூன்று முடிந்தும் தூரம் பாக்கி என்றால், பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். மைதானத்தின் எதிரணி முனையில் இருக்கும் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி, அதுதான் டச்டவுன். அதன்மேல் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 1, உதைக்காமல் இன்னொரு தரம் எல்லைக்குள் கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்து நேரே உதைத்தால் 3. திரையில் ‘3 & 7’ என்று தெரிந்தால் மூன்றாம் முயற்சி, 7 கெஜம் பாக்கி. எதிரணிக்கு மூன்றாம் டவுன் வரும்போதுதான் ஸ்டேடியம் எழுந்து நிற்கும், சாவிக்கொத்துகளைக் குலுக்கும். பிள்ளை கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் அதற்கு ஒரு பதவி கிடைத்துவிடும். காரின் ரிமோட் சாவியைக் கொடுக்காதீர்கள், பெஞ்சுக்கு அடியில் விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

டிவியில் ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகளின் என்எஃப்எல் ஆட்டம் பார்க்கிற பிள்ளை கல்லூரி ஆட்டத்தில் குழம்பும் இடங்கள் மூன்று நாலு உண்டு. கல்லூரியில் பந்தைப் பிடிக்கும்போது கோட்டுக்குள் ஒரு கால் பட்டால் போதும். என்எஃப்எல்லில் இரண்டு கால். கல்லூரியில் யாரும் தொடாமலே முழங்கால் தரையில் பட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். என்எஃப்எல்லில் எழுந்து ஓடலாம். சமநிலை என்றால் இரு அணிக்கும் 25 கெஜக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வாய்ப்பு. மூன்றாம் சுற்றிலிருந்து வெறும் இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டும். 10 கெஜம் முன்னேறி மறுபடி முதல் டவுன் எடுக்கும்போதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கத்தை 2023-இல் மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் நிற்கும். பழைய ரசிகரிடம் ஆட்டம் கற்றுக்கொண்ட அப்பாக்கள் இந்த இடத்தில்தான் பிள்ளையிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெயில், குளிர், இடி

கூரை என்று ஒன்று கிடையாது. செப்டம்பர் நண்பகல் ஆட்டத்தில் 30 டிகிரிகூட இருக்கும், கீழே அலுமினியம் சுடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். சன்ஸ்கிரீனை வீட்டிலேயே பூசிவிடுங்கள், இடைவேளையில் மறுபடி பூசச் சின்னக் குழாய் போதும். குடை அனுமதி இல்லை. மழை என்றால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் போன்சோ, கோட்டுக்கு மேலே போடும் அளவுக்குப் பெரியதாக.

அக்டோபர் பாதிக்கு மேல் குளிர் வருவது மேலிருந்து அல்ல, அடியிலிருந்து. அலுமினியம் உடல் சூட்டை உறிஞ்சும், கான்கிரீட் பாதத்தை மரத்துப்போக வைக்கும். பெஞ்சுக்கு ஒரு பஞ்சு மெத்தை, காலுக்கு அடியில் போட மடித்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்று. இந்த அட்டை வித்தை உள்ளூர்க்காரர்களிடம் பழையது; விலையுயர்ந்த பூட்ஸைவிட நன்றாக வேலை செய்யும். பிள்ளைக்குப் பருத்திச் சாக்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்து பிறகு சில்லிடும். கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும். இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். கை சூடாக்கும் பொட்டலத்தை ஆட்டம் தொடங்கும் அரை மணி நேரம் முன்பே பிரியுங்கள், சூடேற நேரம் எடுக்கும்.

மின்னல் தெரிந்தால் ஸ்டேடியத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். கடைசி மின்னலிலிருந்து குறைந்தது 30 நிமிடம் ஆட்டம் நிற்கும், இன்னொன்று அடித்தால் கணக்கு முதலிலிருந்து. 2011 செப்டம்பர் 3 அன்று வெஸ்டர்ன் மிச்சிகனோடு நடந்த ஆட்டத்தை மூன்றாம் குவார்ட்டரிலேயே 34-10 என்று முடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் காருக்குப் போய்விடுவதுதான் நல்லது, நடைபாதை நெரிசலில் பிள்ளையோடு நிற்காதீர்கள்.

சத்தத்துக்கு: 2010-இல் இரு பக்கமும் உயரக் கட்டிய அறைகள் ஒலியை உள்ளேயே திருப்பி அனுப்புகின்றன. அதற்கு முந்தைய ஸ்டேடியத்தை ‘பெரிய கூட்டம், சின்னச் சத்தம்’ என்று கிண்டல் செய்வார்கள்; இப்போது செய்ய முடியாது. 7 வயதுக்குக் கீழே காதுமூடி கட்டாயம். பஞ்சு பயன்படாது, புல் வெட்டும்போது போடுகிற மாதிரி காதை முழுதாக மூடும் வகை, பிள்ளை அளவில் வாங்குங்கள்.

கேட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டிக்கெட் போனில்தான். லட்சம் பேர் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க் திணறும். கேட்டுக்கு முன்னால் நின்று ஆப்பைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். முதல் நாள் இரவே இரண்டு டிக்கெட்டையும் போனின் வாலட்டில் சேமித்துவிடுங்கள். ஒரே போனில் இருந்தால் ஒன்றைத் தட்டி, பிள்ளையை முன்னால் அனுப்பி, பிறகு உங்களுடையது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

பை கொண்டுபோகும் விதிகள் கறாரானவை, அவ்வப்போது மாறுகிறவை. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஸ்டேடியத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதுகுப்பை தூக்கி வந்தால் காருக்குத் திரும்பி நடக்கவேண்டும். வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

பிள்ளையின் கையில் பேனாவால் போன் எண்ணும் பகுதி எண்ணும் எழுதிவிடுங்கள். ‘தொலைந்தால் இங்கே வா’ என்று உணவுக்கடையைக் காட்டாதீர்கள். ஒரே மாதிரி கடைகள் சுற்றிலும் இருக்கின்றன. பகுதி எண் எழுதிய நுழைவாயிலே சரியான அடையாளம்.

சாப்பாடு சுமார். ப்ரெட்செல், பாப்கார்ன், பீட்சா, நாச்சோ. சைவக்காரர்கள் இதற்குள் சமாளிக்கவேண்டும், விலை விமான நிலைய விலை. வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. அதனால் காரிலேயே எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் முடித்துவிட்டு உள்ளே போவதுதான் புத்திசாலித்தனம். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கார் டிக்கியைத் திறந்துவைத்து அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள், அடுப்பு மட்டும் வேறு. ஸ்டேடியத்துக்குச் சற்று வடக்கே ஆஷ்லி தெருவில் வாஷ்டினா டெய்ரி என்ற பழைய கடை இருக்கிறது, 1934-இலிருந்து. ஆட்டத்துக்கு நடந்து போகும் வழியில் அங்கே டோனட் வாங்குவது ஊர் வழக்கம். 2024-இலிருந்து ஸ்டேடியத்துக்குள் பீர் விற்கிறார்கள். பகல் ஆட்டத்தில் தொந்தரவில்லை, இரவு ஆட்டத்துக்கு மதிப்பெண் குறைய அதுவும் ஒரு காரணம்.

கார் நிறுத்துவதும் கிளம்புவதும்

எதிரே இருக்கும் பயனியர் உயர்நிலைப் பள்ளி மைதானம், கால்ஃப் மைதானம், வீட்டுப் புல்வெளிகள் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை, எல்லாவற்றுக்கும் காசு. வீட்டுக்காரர் அட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார். ‘நடுவில் கிளம்ப வழி இருக்குமா’ என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முன்னாலும் பின்னாலும் கார் அடைத்து, அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் வரும் வரை காத்திருக்கவேண்டும். பலத்த மழை என்றால் புல்தரைகளைத் திறக்காமலும் போகலாம். ஸ்டேடியத்தை ஒட்டிய மெயின் தெருவையும் ஆட்டத்துக்கு முன்பே அடைத்துவிடுவார்கள்.

நோவை, கேன்டன், பிளிமத் திரும்புகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை நகர மையத்து அடுக்கு பார்க்கிங். ஸ்டேடியத்துக்கு ஒன்றேகால் மைல் நடை, பிள்ளையோடு அரை மணி நேரம். அங்கிருந்து மெயின் தெருவில் வடக்கே போனால் நேரே எம்-14 நெடுஞ்சாலை. ஸ்டேடியத்துக்குத் தெற்கே நிறுத்தினால் ஆன் ஆர்பர்-சலீன் சாலை வழியாக ஐ-94-க்குத்தான் தள்ளுவார்கள், அந்தப் பக்கம் நகரவே நேரமாகும்.

சின்னப் பிள்ளை என்றால், புள்ளி வித்தியாசம் பெரிதாக இருக்கும் செப்டம்பர் ஆட்டத்தில் மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் கிளம்பலாம். ஆட்டம் நெருக்கமாக இருந்தால் கிளம்பாதீர்கள். 2015 அக்டோபர் 17 அன்று, அதே மாநிலத்து இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆடியபோது மிச்சிகன் 23-21 என்று முன்னால் இருந்தது, பாக்கி 10 விநாடி. பந்தைத் தூர உதைத்தால் முடிந்தது கதை. உதைப்பவர் கையில் பந்து நழுவியது; மிச்சிகன் ஸ்டேட்காரர் எடுத்து ஓடி, நேரம் முடியும்போது எல்லையைத் தொட்டார், 27-23.

சட்டை, டிவி, இன்னும் சின்னவர்கள்

ஆட்டக்காரர் பெயர் போட்ட ஜெர்சியைப் பிள்ளை கேட்கும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இப்போது ஆட்டக்காரர்கள் எளிதாகக் கல்லூரி மாறுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பெயர் எதிரணியில் இருக்கும். எழுத்து மட்டும் போட்ட மஞ்சள் டி-ஷர்ட், கோட்டுக்கு மேலே போடும் அளவு பெரியதாக ஒன்று, இரண்டு மூன்று பருவம் ஓடும். சிவப்பு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, பச்சை மிச்சிகன் ஸ்டேட்டுக்கு. அலமாரியிலிருந்து கையில் கிடைத்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் பிள்ளைக்குத்தான் தர்மசங்கடம்.

ஆண்டுக்கு ஒரு ஆட்டம் நேரில், மற்றதெல்லாம் வீட்டில் என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் கணக்கு. மிச்சிகன் இருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பான பிக் டென்னின் ஆட்டங்களில் பெரியவை ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியில் வரும். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் ஜன்னலோரம் வைக்கும் சாதாரண ஆன்டெனாவிலேயே 2, 4, 62 சேனல்கள் கிடைக்கும், மாதச் சந்தா தேவையில்லை. பிக் டென் நெட்வொர்க் சேனலிலோ பீகாக் என்ற இணையச் சேவையிலோ வரும் ஆட்டத்துக்கு மட்டும் அந்த மாதம் பணம் கட்டி, டிசம்பரில் நிறுத்திவிடலாம்.

5 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஏப்ரலில் வழக்கமாக நடக்கும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் இருக்கிறது. பெரும்பாலும் நுழைவு இலவசம், கூட்டம் குறைவு, போர் அடித்தால் எழுந்து வந்துவிடலாம். அந்த ஆண்டு உண்டா, எத்தனை மணிக்கு என்று மார்ச் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் கோட்டு வேண்டும்.